ஓவர்டிரைவில் மட்டும் உதறல்: கியர்பாக்ஸா, இன்ஜினா?

ஊர்சுற்றி:
என்னுடையது 2000 மாடல் ஃபோர்டு இ-450 மேல் கட்டிய கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வீட்டு வசதியுள்ள வண்டி). 6.8 லிட்டர் வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜின், 4ஆர்100 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சமதரையில் 45–50 மைல் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் வண்டி கடகடவென உதறுகிறது. ஓவர்டிரைவை (நாலாவது, உச்ச கியர்) அணைத்தால் குறைகிறது. ஏற்றத்தில் மூன்றாவது, நாலாவது கியருக்கு இடையே அலைபாய்கிறது. ஓ/டி (ஓவர்டிரைவ்) விளக்கு மின்னவில்லை, செக் இன்ஜினும் எரியவில்லை. கியர்பாக்ஸைப் பிரிக்கணும் என்கிறது ஒர்க்‌ஷாப். பிரிக்கலாமா? இன்ஜின் இனி எவ்வளவு தாங்கும்?

பத்துசிலிண்டர்:
இப்போதைக்குப் பிரிக்க விடாதீர்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் உள்ள கிளட்ச் பூட்டிக்கொண்டதும் இன்ஜின் துடிப்பு நேரே சக்கரத்துக்குப் போகும். ஒரு சிலிண்டர் அவ்வப்போது மிஸ்ஃபயர் ஆனாலும் (எரிபொருள் சரியாகப் பற்றாவிட்டாலும்) கியர்பாக்ஸ் கோளாறு போலவே தெரியும். உதறும்போது இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் கிளட்ச் விடுபட்டு உதறல் நிற்கும். பல மெக்கானிக்குகள் அதை வைத்தே கன்வெர்ட்டர் போச்சு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மிஸ்ஃபயரும் அப்படித்தான் அடங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்கேனரில் இரண்டைப் பாருங்கள். மோட் 6-இல் (இன்ஜின் கணினியின் சோதனை முடிவுகள்) மிஸ்ஃபயர் கணக்கு: விளக்கு எரியாமலே அங்கே எண் ஏறியிருக்கும். அடுத்து கன்வெர்ட்டர் ஸ்லிப் (இருபுறச் சுழல் வேக வித்தியாசம்): பூட்டிய பிறகு பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும், அலைந்தால் கிளட்ச்தான். மிஸ்ஃபயர் என்றால் காயில் பூட் (இக்னிஷன் காயிலை ஸ்பார்க் பிளக்கோடு இணைக்கும் ரப்பர் உறை) விரிசலையும் பிளக் குழியில் தண்ணீரையும் தேடுங்கள். பத்து ரப்பர் பூட்டும் டைஎலெக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸும் சில்லறைச் செலவு.

கிரீஸ்கை:
கியர்பாக்ஸ் ஆயிலையும் பாருங்கள். நன்றாகச் சூடேறிய பின், இன்ஜின் ஓடும்போதே, பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக்கை எடுங்கள். பழுப்பேறி, தீய்ந்த வாடை வந்தால் மெர்கான் 5 ரக கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுங்கள். மொத்தம் ஏறத்தாழ 17 குவார்ட் (சுமார் 16 லிட்டர்) பிடிக்கும், அடியிலுள்ள ஆயில் பேனைக் (தட்டை) கழற்றினால் அதில் பாதிகூட வடியாது. கன்வெர்ட்டரில் வடிதிருகு இருந்தால் அதையும் திறக்க வேண்டும். பேனில் சின்ன பிளாஸ்டிக் மூடி கிடந்தால் பயப்படாதீர்கள். தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் துளையை அடைத்திருந்தது அது. இதுவரை யாரும் பேனைத் திறந்ததே இல்லை என்று அர்த்தம்!

ஊர்சுற்றி:
நன்றி அண்ணா. கலிஃபோர்னியாவின் கிரேப்வைன் மலைச்சாலை மாதிரி 6 சதவீத ஏற்றத்தில் இன்ஜின் 4,000 ஆர்பிஎம் போய் அலறுகிறதே, அது கெடுதலில்லையா?

பத்துசிலிண்டர்:
இல்லை. இந்த இன்ஜின் முழு சக்தியைத் தருவதே 4,250 பக்கம்தான். ஏற்றம் தொடங்கும் முன்பே ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள். கியர் அலைபாய்வதும் நிற்கும், ஆயில் சூடும் குறையும். கியர்பாக்ஸைக் கொல்வது சூடுதான், ஒரு டெம்பரேச்சர் கேஜ் மாட்டுங்கள்.

வி10-க்கு உண்மையான ஆபத்து பிளக்கில். இந்த வருடத்து சிலிண்டர் ஹெட்டில் நாலைந்து மரைதான் பிளக்கைப் பிடித்திருக்கும், தளர்ந்தால் காயிலோடு தெறித்து வெளியே வரும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே தொடுங்கள், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்தே முறுக்குங்கள். மரை போய்விட்டாலும் ஹெட்டை மாற்ற வேண்டாம், டைம்-செர்ட் (புது மரை தரும் உலோகக் குழல்) போட்டுச் சரிசெய்யலாம். வண்டி ஓடாமல் நின்றாலும் இன்ஜின் ஆயிலை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். குளிர் இன்ஜினில் டிக்டிக் சத்தம் கேட்டு, சூடேறியதும் மறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்த்தொகுதி) ஸ்டட், அதாவது அதைப் பிடிக்கும் திருகு, உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.