மொய் ரசீதில் பெயர் உடைகிறது: லினக்ஸில் தமிழைச் சரியாக அச்சிடுவது எப்படி?

உசிலை_மொய்மேசை:

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் காதணி விழா, கல்யாணம், பூப்புனித நீராட்டு என்று எந்த விசேஷம் நடந்தாலும் மொய் மேசையில் உட்காருபவன் நான். அப்பா நோட்டில் எழுதினார், நான் மடிக்கணினியில் எழுதுகிறேன். முன்பு சந்தா கட்டி ஒரு மென்பொருள் வைத்திருந்தேன். ஒரு முறை சந்தா கட்டத் தவறியதும் அது திறக்கவே மறுத்துவிட்டது. உள்ளே பதினோரு வீட்டுக் கணக்கு இருந்தது. மொய் என்பது திருப்பிச் செய்யவேண்டிய கடன். யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பது வேறொருவர் போட்ட பூட்டுக்குள் கிடந்தால் பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பது? அன்றைக்கே முடிவு செய்தேன், இனி எந்தக் குடும்பத்தின் கணக்கும் என் கையால் பூட்டப்படாது.

2 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். பைத்தான் நிரல்மொழியும் எஸ்க்யூலைட் தரவுத்தளமும் கற்று நானே ஒரு நிரல் எழுதினேன். விசேஷம் முடிந்ததும் வீட்டாருக்கு அச்சிட்ட பட்டியலோடு, எதிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பு ஒன்றையும் கொடுத்துவிடுகிறேன்.

சிக்கல் ரசீதில்தான். 58 மில்லிமீட்டர் வெப்ப அச்சுப்பொறி என்னுடையது. அதற்குள் தமிழ் எழுத்துரு இல்லாததால் பில்லோ என்ற பைத்தான் பட நூலகத்தைக் கொண்டு பெயரைப் படமாக வரைந்து அனுப்புகிறேன். திரையில் சரியாக இருக்கும் பெயர் தாளில் உடைகிறது. 'செல்லம்மாள்' என்பதில் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'குருசாமி'யில் உகரம் தனியே விலகுகிறது. சென்ற வாரம் 501 ரூபாய் எழுதிய பாட்டி ஒருவர் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என் பெயர் இல்லையே அப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ரசீது இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

இன்னொன்று. 'சௌந்தரபாண்டி' என்று தேடினால் சிலர் கிடைக்கிறார்கள், சிலர் கிடைப்பதில்லை. வழி சொல்லுங்கள்.

சிம்மக்கல்_பட்டறை:

தம்பி, உங்கள் எழுத்துருவில் கோளாறு இல்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'செ' என்பது முதலில் 'ச', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. திரையில் அதை ஹார்ஃபஸ் என்ற நிரல் செய்துவிடுகிறது. பில்லோ அதைச் செய்ய வேண்டுமானால் ராக்ம் என்ற நூலகம் வேண்டும். அது இல்லையென்றால் பில்லோ சத்தமில்லாமல் எளிய முறைக்குப் போய், எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடும்.

பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் ராக்ம் இருக்கிறதா என்று சோதியுங்கள். 8.2 பதிப்பிலிருந்து பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக நிறுவும் பில்லோவோடு ராக்ம் சேர்ந்தே வருகிறது. ஆனால் எழுத்து ஓடும் திசையைக் கவனிக்கும் ஃப்ரிபிடி நூலகம் கணினியில் தனியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் இடிக்கும்.

அச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 58 மில்லிமீட்டர் தாளில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர்தான், மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் 384 புள்ளிகள். படத்தைச் சரியாக அந்த அகலத்துக்கே வரையுங்கள். சாம்பல் நிறப் படமாக வரைந்து பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பில்லோ ஓரங்களில் புள்ளிகளைத் தூவிவிடும், பெயர் பொரிந்ததுபோல் தெரியும். முதலிலேயே கறுப்பும் வெள்ளையும் மட்டுமுள்ள ஒரு பிட் படமாக வரைந்துவிடுங்கள். தடித்த எழுத்து வேண்டும். மெல்லிய கோடுகளை இந்த அச்சுப்பொறி விழுங்கிவிடும். 'ஹிந்த் மதுரை' எழுத்துருவின் தடித்த வடிவத்தைத்தான் நான் பயன்படுத்துகிறேன். திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது.

திருப்பாலை_ஆசிரியை:

தேடலுக்கு நான் பதில் சொல்கிறேன். 'சௌ' என்பதைப் பலர் 'ச', கொம்பு, பிறகு 'ள' என்ற எழுத்தைத் தட்டி உருவாக்குகிறார்கள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும், கணினிக்கு அது வேறு சொல். ஒகரத்திலும் இதுபோல் ஒன்று உண்டு. 'கொட்டாம்பட்டி'யின் 'கொ'வில் வரும் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். இந்த இரண்டாவதைப் பைத்தானின் யூனிகோட்டேட்டா பகுதியில் உள்ள என்எஃப்சி முறை ஒன்றாக்கிவிடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரு பக்கமும் அதைச் செலுத்துங்கள். ஆனால் 'ள' போட்ட ஔகாரத்தை அது தொடாது. அதை நீங்களே தேடித் திருத்த வேண்டும்; கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'கெளுத்தி' போன்ற சொற்கள் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் தம்பி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பட்டியலை ஊர் வாரியாக அடுக்குகிறீர்களா? எஸ்க்யூலைட் குறியீட்டு எண்படிதான் அடுக்கும். அதில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. எனவே ஆனையூர் முதலிலும் ஆரியபட்டி பின்னாலும் வரும். அகர வரிசையில் 'ன' கடைசி எழுத்து அல்லவா? பைஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசை முறையை எஸ்க்யூலைட்டோடு இணைத்தால் சரியாகிவிடும்.

உசிலை_மொய்மேசை:

அண்ணே, அக்கா, இருவருக்கும் நன்றி. ஃப்ரிபிடிதான் இல்லை. நிறுவியதும் முதலில் 'செல்லம்மாள்' என்று அச்சிட்டுப் பார்த்தேன். கொம்பு அதன் இடத்தில் நின்றது. தடித்த எழுத்தில், கண்ணாடி இல்லாமலே பெரியவர்கள் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.

என்எஃப்சியும் சேர்த்துவிட்டேன். ஔகாரத்தை அக்கா சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன், முப்பத்தேழு பெயர்கள் சிக்கின. ஆனையூர் விஷயம் நான் கவனித்ததே இல்லை. பட்டியலைப் புரட்டி ஊரைக் காணோம் என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டது இப்போதுதான் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு முன் அதையும் முடித்துவிடுவேன். பிறகு நிரலை யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் ஜிபிஎல் 3 உரிமத்தில் இங்கேயே போடுகிறேன். செக்கானூரணியிலும் பேரையூரிலும் மொய் எழுதும் நண்பர்கள் இருவர் இப்போதே கேட்டிருக்கிறார்கள்.