அக்ரோபோலிஸ் கோபுரத்தை இடித்தவர் கவாடியாஸ் அல்லர்

கல்தச்சன்: "ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் வாயிலருகே நின்ற பிராங்கியக் கோபுரத்தை இடித்தவர் கிரேக்கத் தொல்லியலாளர் பானாயியோட்டிஸ் கவாடியாஸ்" என்று வெண்ணிலவன் நேற்று எழுதியதைப் படித்துக் கொதித்துப் போனேன். இடைக்காலத்தில் மேற்கு ஐரோப்பிய ஆட்சியாளர்கள் கட்டிய அக்கோபுரம், ஜெர்மன் தொல்லியலாளர் ஷ்லீமன் கொடுத்த பணத்தில் 1875இல் இடிக்கப்பட்டது. கவாடியாஸ் கிரேக்கத் தொல்பொருள் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றதோ 1885இல்.

வெண்ணிலவன்: ஆண்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 1885 முதல் 1890 வரை கட்டடக் கலைஞர் கவேராவுடன் சேர்ந்து, குன்றின் பாறை தெரியும்வரை தோண்டிப் பிற்காலத் தடயங்களை அப்புறப்படுத்தியவர் அவரே. கோபுரத்தை வீழ்த்திய மனப்போக்குதான் அவருடையதும்.

கல்தச்சன்: மனப்போக்கைப் பற்றி நான் கேட்கவில்லை, கோபுரத்தைப் பற்றிக் கேட்டேன். அதே அகழாய்வில்தான், 1886 பிப்ரவரியில், எரெக்தியம் கோயிலின் அருகே ஒரே குழியிலிருந்து பதினான்கு கன்னிச் சிலைகள் வண்ணம் மங்காமல் வெளிவந்தன. எபிடாரஸின் பண்டைய நாடக அரங்கை மண்ணிலிருந்து மீட்டவரும், தொல்பொருள்கள் அரசுடைமை என்ற 1899ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னால் நின்றவரும் அவரே. இவற்றில் ஒன்றையேனும் நீங்கள் குறிப்பிட்டீர்களா?

யாழினி: சிலைகள் இருக்கட்டும், ஐயா. 1890இல் முடிந்த அகழாய்வின் நூல் 1906இல்தான் வந்தது. எந்தப் பொருள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதைப் பதினாறு ஆண்டுகள் கழித்து யார் சரிபார்ப்பது?

கல்தச்சன்: அதே குன்றிலுள்ள பார்த்தெனான் கோயில் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் செய்தீர்கள், யாழினி. பொறியாளர் பலனோஸ் பொருத்திய இரும்புப் பிணைப்புகள் துருவேறிப் பளிங்கைப் பிளந்ததற்கும் கவாடியாஸையே குற்றவாளியாக்கினீர்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

யாழினி: மறக்க வேண்டாம். 1894 நிலநடுக்கத்திற்குப் பின் பலனோஸ் வேலையைத் தொடங்கியபோது துறைத் தலைவர் யார்? சிலைகளின் பெருமை தலைவருக்கு உரியதென்றால், துருவும் அவருக்கே உரியது.

வெண்ணிலவன்: இருபத்துநான்கு ஆண்டுகள் துறையையும், அதில் பெரும்பகுதி ஏதென்ஸ் தொல்லியல் கழகத்தையும் ஒருவரே கைக்குள் வைத்திருந்ததால்தான், 1909இல் படை அதிகாரிகள் எழுச்சி பெற்றதும் அவர் பதவியிழந்தார்.

கல்தச்சன்: 1912இல் அதே கழகம் அவரை மீண்டும் செயலாளராக்கியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுவும் கிடக்கட்டும். கோபுரம் இடிந்தது 1875; அவர் தலைமையேற்றது 1885. இந்த இரண்டு எண்களுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வெண்ணிலவன்: சொல்லிவிட்டேன். நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றப் போவதில்லை.

கல்தச்சன்: அப்படியானால் நானும் நாளை மீண்டும் எழுதுவேன்: 1875.