கரண்ட் வந்தபிறகும் சேர்வர் எழும்புதில்லை: நட் மென்பொருள், 1500 வீஏ யூபிஎஸ்

முறிகண்டி_லினக்ஸ்:
கிளிநொச்சியில் ஒரு சேர்வர், டெபியன் 12. யூபிஎஸ் யூஎஸ்பி கேபிளால் சேர்வரோடு, டிரைவர் நட்டிரைவ்_கியூஎக்ஸ். நட் (யூபிஎஸ்ஸைக் கவனிச்சுக் கணினியை அணைக்கும் மென்பொருள்) நெற்சேர்வர் முறையில், அதாவது மற்றக் கணினிகளுக்கும் யூபிஎஸ் நிலையைச் சொல்லும்படி ஓடுது. அதே யூபிஎஸ்ஸில் இரண்டு கணினிகள் செக்கண்டரியாக, அதாவது யூபிஎஸ் நிலையை நெற்வேர்க்கால் சேர்வரிடம் கேட்டு அணையிறவையாக இருக்கு. கரண்ட் போனால் சேர்வர் ஒழுங்காக அணையுது. திரும்ப வந்தால் சிலநேரம் எழும்பும், சிலநேரம் ஆராவது போய் பட்டனை அமத்த வேணும். நிர்வாகம் வவுனியாவிலிருந்து. மற்றது, செக்கண்டரி கணினிகள் ஒரு நிமிச வெட்டுக்கே அணைஞ்சு போகுது. எங்கே பிழை?

பாலைமரம்:
முதலில் பயோஸ். கரண்ட் வந்தால் என்ன செய்யிறது எண்ட இடத்தில் 'பவர் ஒன்' இருக்கவேணும். 'லாஸ்ட் ஸ்டேட்' எண்டால், ஒழுங்காக அணைஞ்ச சேர்வர் அணைஞ்சபடியேதான் கிடக்கும். பற்றரி இறங்கித் திடீரெண்டு நிண்ட நாளில் மட்டும் எழும்பும்.

அது சரியெண்டால், சேர்வர் அணைஞ்சுகொண்டிருக்கேக்க கரண்ட் வந்திடுது. யூபிஎஸ் வெளியீட்டை வெட்டேல்லை, அதால் சேர்வருக்குக் கரண்ட் போய் வந்ததே தெரியாது. கணினியை அணைக்கிற நட்டின் பகுதி யூபிஎஸ்மொன்; அதின் அமைப்புக் கோப்பான யூபிஎஸ்மொன்.கொன்ஃபில் பவர்டவுன்ஃபிளாக் வரி இருக்கோ பாருங்கோ. அது இல்லாட்டி கடைசியில் யூபிஎஸ்ஸுக்கு வெட்டு எண்ட கட்டளையே போகாது.

அதோடு யூபிஎஸ் கட்டளையை மதிக்குதோ எண்டு சோதியுங்கோ. சேர்வரின் வயரைச் சுவர்ப் பிளக்கில் போட்டுவிட்டு, மற்றக் கணினிகளையும் கழற்றி, யூபிஎஸ்ஸில் ஒரு மேசை விளக்கை மட்டும் கொழுவுங்கோ. யூபிஎஸ்மொன்னை எல்லாக் கணினியிலும் நிறுத்தி, யூபிஎஸ்ஸுக்குக் கட்டளை அனுப்பும் யூபிஎஸ்சிஎம்டியால் 'ஷட்டவுன்.ரிட்டர்ன்' (வெளியீட்டை வெட்டி, பிறகு திரும்பக் கொடு) அனுப்புங்கோ. கரண்ட் இருக்கும்போதே விளக்கு அணைஞ்சு, கொஞ்சத்தால் எரியவேணும். மலிவான சில யூபிஎஸ் கரண்ட் இருந்தால் இந்தக் கட்டளையைக் கவனிக்காது. அப்படியெண்டால் அணைக்கும் ஸ்கிரிப்டின் கடைசியில் 120 விநாடி பொறுத்து ரீபூட் எண்டு ஒரு வரி சேருங்கோ.

யூபிஎஸ்.கொன்ஃபில் ஒன்டிலே (வெட்டினபிறகு திரும்பக் கொடுக்கமுதல் பொறுக்கும் நேரம்) இயல்பாக 180 விநாடி, 60இன் மடங்காகத்தான் எடுக்கும். நான் 600 வைப்பன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள கரண்ட் வந்து வந்து போகும். பற்றரி கொஞ்சமெண்டாலும் ஏறமுதல் சேர்வர் எழும்பினால், அடுத்த வெட்டுக்கு ஒழுங்காக அணைய நேரம் கிடையாது.

குளக்கட்டு:
செக்கண்டரிகளுக்கு வழி நெற்வேர்க் சுவிட்ச்சில் இருக்கு. அது சுவர்ப் பிளக்கில்தானே? யூபிஎஸ் பற்றரியில் ஓடுது எண்ட செய்தி வந்த பிறகு தொடர்பு அறுந்தால், யூபிஎஸ்மொன் தொடர்பில்லாமல் பொறுக்கும் நேரமான டெட்டைம் முடிய, அதாவது 15 விநாடியில், பற்றரி முடிஞ்சுது எண்டு எடுத்துக் கணினியை அணைச்சுவிடும். சுவிட்ச்சையும் றூட்டரையும் யூபிஎஸ்ஸில் கொழுவுங்கோ. அவை இழுக்கிறது சொற்பம்.

இந்த டிரைவர் காட்டும் பற்றரி வீதத்தை நம்பவேண்டாம், பல யூபிஎஸ்ஸில் அது வோல்டேஜை வைத்துப் போடும் மதிப்பீடு. 24 வோல்ட் பற்றரிக்கு டிரைவர் எடுக்கும் எல்லைகள் மேலே 26.0, கீழே 20.8. பழைய பற்றரி கடைசியில் பொத்தெண்டு விழும். நட்டின் டைமர் பகுதியான யூபிஎஸ்ஷெட்டில் 300 விநாடி டைமர் வைச்சு, கரண்ட் வந்தால் அதை ரத்துச் செய்யுங்கோ. வராட்டி யூபிஎஸ்மொன்னுக்கு எஃப்எஸ்டி (கட்டாயமாக அணை எண்ட கட்டளை) கொடுங்கோ. வன்னி வெக்கையில் மூடின அலுமாரிக்குள் யூபிஎஸ்ஸை வைச்சால் பற்றரி வருசக்கணக்கில் ஆயுளை இழக்கும்.

முறிகண்டி_லினக்ஸ்:
சுவிட்ச் சுவர்ப் பிளக்கில்தான். மாத்திறன், நன்றி. சேர்வர் தொங்கிப்போனால் வவுனியாவிலிருந்து நட்டாலேயே கரண்டை வெட்டி விடலாமோ?

பாலைமரம்:
அதுக்கு நட்டை நம்பாதேங்கோ. யூஎஸ்பி தொங்கின சேர்வரிலேயே இருக்கு. வேறு சின்னக் கணினிப் பலகையில் போட்டாலும், யூபிஎஸ் வெளியீட்டை வெட்டும் 'லோட்.ஒஃப்' கட்டளை சுவிட்ச், றூட்டர் எல்லாத்தையும் சேர்த்து வெட்டும், பிறகு உள்ளே வர வழியில்லை. சேர்வரில் பிஎம்சி (சேர்வர் தொங்கினாலும் தனியாக ஓடும் நிர்வாகச் சிப்) இருந்தால் ஐபிஎம்ஐடூலால் 'சேசிஸ் பவர் சைக்கிள்' கொடுங்கோ. அது யூடிபி போர்ட் 623. அதையும் நட்டின் 3493ஐயும் இன்ரநெற்றுக்குத் திறக்கவேண்டாம், வயர்கார்டு விபிஎன்னுக்கு உள்ளே மட்டும்.