புதுப்பிப்பு: கடைக்கு ஸ்டீமர் வாங்கியாச்சு

ரேயான் குர்த்தியும் ஜார்ஜெட் துப்பட்டாவும் விற்கும் எங்கள் சின்னக் கடைக்கு, துணிச் சுருக்கத்தை ஆவியால் நீக்கும் ஸ்டீமர் வாங்க நினைத்து, கையில் பிடிப்பதா, ஸ்டாண்டு வைத்ததா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 1800 வாட் ஸ்டாண்டு ஸ்டீமரையே வாங்கினோம். கையில் பிடிப்பதில் தொட்டி சின்னது, எடையும் மணிக்கட்டில்தான் விழும். நாள் முழுக்க வேலைக்கு அது சரிவராது.

230 வோல்ட்டில் இது கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் போடவே கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயின்ட் எடுத்தோம்.

தண்ணீர் விஷயம்தான் முக்கியம். போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து, வெள்ளைப் பொடியாகத் துணியில் தெறிக்கும். அதனால் ஆர்ஓ தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறோம். அப்புறம், குழாய் தொய்ந்து கிடந்தால் ஆவி குளிர்ந்து அங்கேயே தண்ணீராகத் தேங்கிவிடும். களகளவென்று சத்தம் வந்தால் குழாயை நேராகத் தூக்கிப் பிடியுங்கள், தண்ணீர் தொட்டிக்கே இறங்கிவிடும். முதல் ஆவியைப் பழைய துணியில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

ரேயானில் பலன் அருமை! ஓரத்தை லேசாக இழுத்துப் பிடித்து மேலிருந்து கீழே கொண்டுவந்தால் சுருக்கம் கண்ணெதிரே விழுகிறது. ஈரம் முழுக்க ஆறிய பிறகே கவரில் போடுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் பிடிக்கும்.

அயர்ன் பாக்ஸை விற்றுவிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். காட்டன் காலருக்கும் பட்டன் பட்டிக்கும் மடிப்பு நிற்க அதுதான் வேண்டும்.