பழைய கார் கிளட்ச் கவரின் 'கிரேடு': 'தரம்' பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பழைய காரில் கிளட்ச் பிளேட்டை எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு இறுக்கும் வில்லைத் (ஸ்பிரிங்) தாங்கிய உறையான கிளட்ச் கவர் எந்த கிரேடைச் சேர்ந்தது எனக் கண்டறியும் வேலைக்குக் 'கிளட்ச் மூடியின் தரமறிதல்' என்ற தொடர் இங்கே முன்வைக்கப்பட்டிருக்கிறது. இதில் 'மூடி', 'தரம்' ஆகிய இரண்டு சொற்களுமே எனக்கு உடன்பாடில்லை. இரண்டில் 'தரம்' கூடுதலாகத் தீங்கு செய்யும் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே அளவில், ஒரே துளை அமைப்பில், வெவ்வேறு வலிமையுள்ள வில்களோடு கவர்கள் செய்யப்பட்டன. அந்த வில், கிளட்ச் பிளேட்டை எவ்வளவு விசையோடு இறுக்கிப் பிடிக்கிறது என்பதையே கிரேடு சுட்டுகிறது. அந்த விசை, உராய்வுக் கெழு, உராயும் வளையத்தின் சராசரி ஆரம் ஆகியவற்றைப் பெருக்கி, பிளேட்டுக்கு இரு முகங்கள் இருப்பதால் இரண்டால் மீண்டும் பெருக்கினால், வழுக்காமல் கடத்தக்கூடிய திருப்புவிசை (டார்க்) கிடைக்கும். எஞ்சின் தரும் திருப்புவிசையைவிட அது ஓரளவு மிகுந்திருந்தால் போதுமானது. மேலும் கூட்டினால் மிதி கனக்கும். மிதிக்கும் ஒவ்வொரு முறையும், வில்லைத் தள்ளிக் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும், கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் உந்துவளையங்களும் கூடுதல் சுமையை ஏற்கும். எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் ரிலீஸ் பேரிங் குண்டுகள் உள்ளதன்று, வெறும் கரி வளையம்; அது தேய்வதற்கு வேறு காரணமே வேண்டியதில்லை. 'உயர்தரக் கவர்' என்று அகராதியில் எழுதிவைத்தால், அதைப் படிப்பவர் நல்லதையே வாங்குகிறோம் என்று நம்பிப் பந்தயக் காருக்குரியதைத் தம் வீட்டுக் காரில் பூட்டிவிடுவார். ஆகவே கூடுதல், குறைவு என்ற வரிசையை மட்டும் காட்டி, நல்லது, கெட்டது என்ற மதிப்பீட்டைச் சுமக்காத சொல் தேவை. என் பரிந்துரை 'பிடிவிசைப் படி'. 'படி' என்பதற்குப் பல பொருள் உண்டு என்ற மறுப்பு எழக்கூடும். 'பிடிவிசை' முன்னே நிற்கும்போது குழப்பத்துக்கு இடமில்லை என்றே கருதுகிறேன்.

'மூடி'க்கு வருகிறேன். நம்மூர்ப் பட்டறைகளில் 'கிளட்ச் கவர்' என்றவுடன் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பக்கவாட்டு உறையையே பலர் நினைப்பார்கள். காரில் உள்ள இந்த உறுப்பை அவர்கள் 'பிரஷர் பிளேட்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். எம்ஜிஏ 1500 காரில் இருந்த அதே 1489 சிசி பி-வரிசை எஞ்சினை அம்பாசடரில் கழற்றிப் பூட்டியவர்களின் வழக்கும் அதுவே. அப்படியானால் 'அழுத்துத்தட்டு' என்றே வைத்துவிடலாமே என்று தோன்றும். வழக்கமான கார்களில் தட்டும் வில்லும் ஒரே கவருக்குள் இருப்பதால் அது பொருந்தும்; ஆனால் பழைய மினி கார் அதற்குத் தடையாக நிற்கிறது. அதில் அழுத்துத்தட்டு எஞ்சின் பக்கத்திலும், அடுத்துக் கிளட்ச் பிளேட்டும், அதற்கடுத்து ஃப்ளைவீலும், எல்லாவற்றுக்கும் வெளியே வில்லைத் தாங்கிய உறையும் இருக்கின்றன. அங்கே பிடிவிசைப் படி வெளியே உள்ள உறுப்பைச் சேர்ந்தது. தட்டோ ஃப்ளைவீலுக்கு மறுபுறம் கிடக்கிறது. இரு அமைப்புக்கும் பொருந்தும் பெயராக 'வில்கூடு' என்பதை முன்மொழிகிறேன்.

வில்லின் வகைக்கும் பெயர் வேண்டும். 1955 முதல் 1962 வரை வந்த எம்ஜிஏ, அதன் இடத்தைப் பிடித்த எம்ஜிபி இரண்டுக்கும் 8 அங்குல போர்க் அண்டு பெக் கிளட்ச்தான். முன்னதில் பல சுருள்வில்கள், பின்னதில் நடுவில் விரல்களாகப் பிளந்த ஒற்றை எஃகுத் தகடு. விட்டத்தை மட்டும் அளந்து படியை அறிய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆங்கிலத்தில் 'டயஃப்ரம்' எனப்படும் அந்தத் தகட்டுக்கு உடலியலில் வழங்கும் 'உதரவிதானம்' வேண்டவே வேண்டாம், 'கிண்ணவில்' போதும். நடத்தையிலும் இவை வேறானவை: பிளேட் தேயத் தேயச் சுருள்வில்லின் பிடிவிசை தொடர்ந்து குறையும், கிண்ணவில்லினுடையது முதலில் சற்றே ஏறிப் பிறகுதான் இறங்கும். எனவே வில்லின் வகையைச் சொல்லாமல் படியை மட்டும் சொல்வது அரைகுறைத் தகவலாகும்.

கண்டறியும் முறைகளுக்குத் தனித்தனிச் சொல் வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வில்லில் பூசிய நிறப்புள்ளியைப் பார்ப்பதை 'நிறக்குறி' என்றும், உறையில் பொறித்த பாக எண்ணைப் பார்ப்பதை 'பொறிப்பெண்' என்றும் குறித்தால் போதும். ஆனால் சூட்டிலும் எண்ணெயிலும் நிறம் போய்விடும். மறுசீரமைத்த கூட்டில் உறை ஒன்றாகவும் வில் வேறொன்றாகவும் இருக்கக்கூடும். அப்போது தகட்டின் தடிப்பை மைக்ரோமீட்டரால் அளப்பது ஓரளவு உதவும். கிண்ணவில் தட்டையாகும் நிலையில் அதன் விசை தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், மற்ற அளவுகள் ஒன்றாக இருக்கையில் 2.0 மி.மீ. தகட்டுக்கும் 2.1 மி.மீ. தகட்டுக்கும் விசையில் ஏறக்குறைய 16 விழுக்காடு வேறுபாடு வரும். பெயின்ட்டையோ துருவையோ சுரண்டாமல் அளந்தால் அந்த வேறுபாடு பொய்யாகிவிடும். ஐயமறத் தெரிய வேண்டுமானால், கூட்டின் விளிம்பைத் தாங்கி நிறுத்தி, காரில் பூட்டியிருக்கும்போது அழுத்துத்தட்டு எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரம்வரை பிரஸ்ஸில் அழுத்தி, அப்போது காட்டும் விசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் 'பிடிவிசைச் சோதனை' என்பதே இயல்பான பெயர்.

'கிளட்ச்' என்பதை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அதற்குத் தமிழில் 'உரசிணைப்பி', 'விடுபற்றி' ஆகியவற்றுள் எது என்ற வழக்கு தீரும்வரை இந்தப் பதிவைக் காக்கவைக்கத் தேவையில்லை. எதிர்ப்பு இல்லையெனில் சொற்பட்டியலில் 'கிளட்ச் வில்கூடு', 'கிண்ணவில்', 'பிடிவிசைப் படி' ஆகிய மூன்றையும் சேர்த்து, மூன்றாவதன் விளக்கத்தில் 'தரத்தைக் குறிக்காது' என்ற இரு சொற்களையும் எழுதிவிடும்படி பட்டியலைப் பேணுவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.