காணாமப் போன ராணுவ வீரர்களைத் தேடுறதுல நம்ம அரசு செய்யறது போதுமா?

மஞ்சக்குப்பம்_எக்ஸ்ஆர்மி:
1971 போர்ல காணாமப் போன நம்ம ஆளுங்க 54 பேரு பாகிஸ்தான் ஜெயில்ல இருக்காங்கன்னு இன்னிக்கு வரைக்கும் பேச்சு இருக்கு. 1979ல பார்லிமெண்ட்லயே 40 பேரோட லிஸ்ட்டை வெச்சாங்க. மேஜர் அசோக் சூரின்னு ஒருத்தர், போர்ல செத்துட்டாருன்னு எழுதி முடிச்சிட்டாங்க, 1974 டிசம்பர்ல அவரு கையெழுத்துல அவங்க அப்பாவுக்கு லெட்டர் வருது, அப்புறம் கராச்சியிலேருந்து இன்னொண்ணு. அதுக்குப் பிறகுதான் "காணவில்லை"ன்னு மாத்துறாங்க. 71 போர் முடிஞ்சப்போ நம்மகிட்ட 93,000 பாகிஸ்தான் கைதிங்க இருந்தாங்க, அத்தனை பேரையும் அனுப்பி வெச்சோம். அனுப்புறதுக்கு முன்னாடி எங்க ஆளு ஒவ்வொருத்தனுக்கும் கணக்கு சொல்லுடான்னு உக்காந்து கேட்டிருக்க வேணாமா? எனக்கு இது ஆறவே இல்ல.

லாஸ்பேட்டை_சுந்தர்:
ஐயா, உங்க வருத்தம் புரியுது, ஆனா அரசு ஒண்ணுமே செய்யலன்னு சொல்றதை ஒத்துக்க முடியாது. 2007ல சொந்தக்காரங்க 14 பேரை அங்கயே கூட்டிட்டுப் போயி ஜெயில் ஜெயிலா காட்டினாங்க, ஒருத்தரும் கிடைக்கல. 2011ல குஜராத் ஹைகோர்ட் இன்டர்நேஷனல் கோர்ட்டுக்குப் போங்கன்னுச்சு, சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை போட்டுச்சு. ஏன்னா காமன்வெல்த் நாடுங்க கூட உள்ள வழக்குக்கு அந்தக் கோர்ட்டை ஏத்துக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்ததே நாமதான், 1999ல அவங்க விமானத்தைச் சுட்ட கேஸ்ல அதைக் காட்டித்தான் தப்பிச்சோம். அன்னிக்கு 25 வயசுன்னா இன்னிக்கு 80ஐ ஒட்டி இருக்கும். இன்னும் உயிரோட இருக்காருன்னு அந்த வீட்டம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கறது கொடுமைங்க.

மஞ்சக்குப்பம்_எக்ஸ்ஆர்மி:
உளவாளின்னு பாகிஸ்தான் பிடிச்சு வெச்ச குல்பூஷண் ஜாதவுக்கு மட்டும் 2017ல அதே கோர்ட்டுக்கு எப்படி தம்பி போனாங்க? மனசு வெச்சா வழி இருக்கு.

லாஸ்பேட்டை_சுந்தர்:
அது வேற ஐயா. அவரைப் பிடிச்சு வெச்சிருக்கோம்னு பாகிஸ்தானே சொல்லுச்சு, தூதரக ஆளைப் பாக்க விடலன்னு வியன்னா ஒப்பந்தத்தை வெச்சுப் போட்ட கேஸ். இங்க எங்ககிட்ட யாருமே இல்லன்னு சாதிக்கறாங்களே, எதை வெச்சு போடுவீங்க?

சொல்தா_பேரன்:
நான் பாண்டி. எங்க தாத்தாவோட அண்ணன் பிரெஞ்சு பட்டாளத்துல சேந்து சைகோன் போனவரு, திரும்பல. எங்க பாட்டி சாகுற வரைக்கும் கூடத்துல அவரு போட்டோவுக்கு மாலை போட விடல, தை அமாவாசைக்கு அவருக்கு மட்டும் படையல் கிடையாது. பிரெஞ்சு அரசு இந்தோசீனாவுல செத்தவங்க விவரத்தை இன்டர்நெட்லயே போட்டிருக்கு, அதுல பேரு, பிறந்த ஊரு, இறந்த தேதி எல்லாம் பாத்துட்டுத்தான் திதி குடுத்தோம். சுந்தர் அண்ணே, உயிரோட கொண்டாந்தாதான் தேடினதா அர்த்தமா? தோத்த போரு அது, இருந்தும் 1986ல வியட்நாம் கூட ஒப்பந்தம் போட்டு ஆயிரக்கணக்கான உடம்புங்களைத் தோண்டி எடுத்துட்டுப் போயி பிரான்ஸ்ல ஃப்ரெஜூஸ்ங்கற ஊருல அடக்கம் பண்ணாங்க.

நெல்லிக்குப்பம்_ராஜி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 2015ல கோஸ்ட் கார்டு டோர்னியர் விமானம் நம்ம கடலூர் கடல்ல விழுந்துச்சே, மூணு பேரு இருந்தாங்க, ஒரு மாசம் விடாம தேடி கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஆழத்துலேருந்து கறுப்புப் பெட்டியை எடுத்தாங்க. 2016ல தாம்பரத்துலேருந்து 29 பேரோட கிளம்பின விமானப்படை ஏஎன்-32 விமானம், அதுவும் 2024ல 3,400 மீட்டர் ஆழத்துல கண்ணுல பட்டுச்சு. அமெரிக்காக்காரன் ரெண்டாம் உலகப்போர்ல விழுந்த அவன் பைலட்டுங்களை இன்னும் அருணாசல் மலையில தேடுறான், 2016ல எலும்புங்களை டெல்லியிலேருந்து மரியாதையோட அனுப்பி வெச்சோம். அந்த 54 பேரோட கூடப்பிறந்தவங்க இருக்கும்போதே டிஎன்ஏ எடுத்து வைக்கலாம்ல, அவங்களும் போயிட்டா நாளைக்கு எலும்பு கிடைச்சாலும் யாரோடதுன்னு எப்படி சொல்லுவாங்க?

லாஸ்பேட்டை_சுந்தர்:
டிஎன்ஏ எடுக்கட்டும், நான் எதிர்க்கல. ஆனா டோர்னியர் விழுந்தது நம்ம கடல், அருணாசல்ல தோண்ட விட்டது நாம. வியட்நாமும் சம்மதிச்சுத்தான் விட்டான். லாகூர்ல தோண்ட யாரு விடுவான்? அந்த நாடு வாயைத் திறக்காத வரைக்கும் டெல்லியை மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது.

மஞ்சக்குப்பம்_எக்ஸ்ஆர்மி:
வாயைத் திறக்க வெக்கறதுதானே தம்பி அரசாங்கத்தோட வேலை. 2008 ஒப்பந்தப்படி வருஷா வருஷம் ஜனவரி 1, ஜூலை 1 ரெண்டு நாடும் கைதிங்க லிஸ்ட்டை மாத்திக்குது, மீனவங்க பேரு வருது, இவங்க பேரு வரல. விடுதலை பண்ணுங்கன்னு ஒவ்வொரு அறிக்கையிலயும் ஒரு வரி எழுதறாங்க, அதோட சரி. செஞ்சிலுவைச் சங்கத்தை உள்ள விடச் சொல்லி நெருக்கணும், அந்தக் காலத்து ஜெயில் ரிஜிஸ்டரை கேக்கணும், இங்க நம்மகிட்ட இருக்கற ஃபைலை முதல்ல அந்தக் குடும்பங்களுக்குக் காட்டணும். இந்த கடைசி வேலைக்கு பாகிஸ்தான் சம்மதம் எதுக்கு? கடலூரு, பாண்டி ரெண்டு எம்பிக்கும் இந்த ஒரு கேள்வியை எழுதி அனுப்பப் போறேன், கையெழுத்து போடறவங்க பேரு சொல்லுங்க.