ஹெவி லைசென்சும் எட்டாம் வகுப்புச் சான்றிதழும்

கேள்வி:
போக்குவரத்து வாகனம் ஓட்டும் உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்றிருந்த மத்திய மோட்டார் வாகன விதியை 2019-இல் அரசு நீக்கியது. கிளீனராகச் சேர்ந்து, வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் அறிந்த பிறகும், பள்ளிச் சான்றிதழ் இல்லாத ஒரே காரணத்தால் பேட்ஜ் (போக்குவரத்து வாகனம் ஓட்டும் அனுமதி) பெற முடியாமல் கிளீனராகவே இருந்துவிட்டவர்களை நாமக்கல் பகுதியில் நான் பார்த்திருக்கிறேன். அந்த விதி சாலையைப் பாதுகாத்ததா, அல்லது ஏழைகளை வேலைக்கு வெளியே நிறுத்தியதா?

மறுமொழி 1:
நீக்கம் எங்கிருந்து தொடங்கியது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஹரியானாவின் மேவாத் பகுதியில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல; பள்ளிப் படிப்போ அங்கே மிகக் குறைவு. அம்மாநில அரசு விலக்குக் கேட்டபோது, நாட்டில் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று கூறி, மத்திய அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் விதியையே மாற்றியது. திறமை இருந்தும் வாய்ப்பில்லாதவர்கள் ஒருபுறமும், ஆள் கிடைக்காமல் நிற்கும் வண்டிகள் மறுபுறமும் இருந்திருக்கின்றன.

மறுமொழி 2:
ஐயா, நான் ஓட்டுநர் பயிற்சி அளிப்பவன். படிப்பறிவே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாலைக் குறியீடுகள் பெரும்பாலும் படங்கள்தான். ஆனால் சரக்குக்கான மின்வழிச் சீட்டையும் (இ-வே பில்) வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. முடியும் தேதியையும் படிக்கத் தெரியாதவர் சோதனைச் சாவடியில் எவர் சொல்வதையும் நம்ப வேண்டியவராகிறார்.

மறுமொழி 3:
மேலே உள்ள நண்பரின் கவலை நியாயமானது. ஆனால் அந்தத் திறனை நேரடியாகவே சோதிக்கலாமே. விதியை நீக்கியபோது அமைச்சகமும், குறியீடுகளை அறிதல், பயணப் பதிவேடு எழுதுதல், வண்டியைப் பரிசோதித்தல் ஆகியவற்றைப் பயிற்சிப் பள்ளிகள் கற்றுத்தர வேண்டும் என்றே வலியுறுத்தியது. சிறுவயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு எட்டாம் வகுப்புச் சான்றிதழைத் திரும்பப் போய் வாங்குவது எளிதன்று. சாலைத் தேர்வுக்குத் தயாராவது அவரால் முடியும்.

உரிமத்தை எப்போதும் அரசுதான் தடுக்கிறது என்பதும் இல்லை. மும்பைத் திரைத்துறையின் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களுக்குச் சிகையலங்காரக் கலைஞருக்கான உறுப்பினர் அட்டை மட்டுமே தந்து, ஒப்பனைக் கலைஞர் அட்டையை மறுத்துவந்தது. மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாதவை என்றது. பாலினத்துக்கும் வசிக்கும் ஊருக்கும் ஒப்பனைத் திறனோடு எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எங்கள் பகுதிப் பெண்கள் சிலர் லோடு வண்டி ஓட்ட விரும்புகிறார்கள். அவர்களுக்கு இப்போது என்ன தடை இருக்கிறது?

மறுமொழி 3:
மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, கார் போன்றவற்றுக்கான இலகு ரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்தது. ஆகவே சிறிய லோடு வண்டிக்குத் தனி பேட்ஜ் தேவையில்லை. கனரக வண்டிக்கு, பழகுநர் உரிமம் கேட்கும்முன் இலகு ரக உரிமத்தை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் அவர்கள் இலகு ரக உரிமத்தை இப்போதே எடுத்துவிடட்டும்; ஓராண்டு அந்த நாளிலிருந்துதான் கணக்காகும்.